காலையில் சீஸ், மாலையில் கோட்டை: இத்தாலியின் எமிலியா கிராமங்களுக்கு முதன்முறை போகிறவர்களுக்கு

மோதெனாவுக்குப் பக்கத்தில் ஒரு சீஸ் பட்டறைக்கு நான் முதல் தடவை போய் நின்றபோது மணி பதினொன்று. ஹோட்டலில் நிதானமாகச் சாப்பிட்டு, இரண்டு காபி குடித்து, டாக்ஸி பிடித்துப் போயிருந்தேன். கதவைத் திறந்த அம்மா முழங்கால் வரை ரப்பர் பூட்ஸ் போட்டுக்கொண்டு குழாயால் தரையைக் கழுவிக்கொண்டிருந்தார். செம்பு அண்டாக்கள் எல்லாம் துலக்கி முடித்துப் பளபளவென்று காலியாக இருந்தன. என் கைக்கடிகாரத்தைத் தொட்டு, எட்டு விரலை விரித்துக் காட்டினார். நாளைக்கு எட்டு மணிக்கு வா என்று அர்த்தம். எனக்கு மறுநாள் விமானம்.

அவர் மேல் ஒரு தப்பும் இல்லை. காலையில் பால் வந்ததும் அடுப்பு எரிய ஆரம்பிக்கும், பத்தரைக்குள் எல்லாம் முடிந்துவிடும். அந்தப் பக்கத்தில் ஒவ்வொரு சாப்பாட்டுப் பொருளுக்கும் இப்படி ஒரு நேரம் உண்டு. கோட்டையும் கோயிலும் 900 வருஷமாக அங்கேயேதான் நிற்கின்றன, மத்தியானம் போனாலும் நிற்கும். அதனால் முதலில் சாப்பாட்டின் நேரத்தை நாளில் பொருத்திவிட்டு, மிச்ச நேரத்தில் வரலாற்றைப் பாருங்கள். ஒரு நாளைக்கு ஒரு சாப்பாட்டு இடம், ஒரு பழைய இடம். அதற்கு மேல் திணித்தால் பஸ் ஸ்டாப்பில் உட்கார்ந்ததும் ஓடியதும்தான் நினைவில் நிற்கும்.

ஏன் இந்தப் பகுதி

இத்தாலி என்றால் பலரும் ரோம், ஃப்ளாரன்ஸ், வெனிஸ் என்று முடித்துக்கொள்கிறார்கள். கிராமம் பார்க்க வேண்டும் என்று கேட்டால் டஸ்கனி என்பார்கள். டஸ்கனி அழகுதான், ஆனால் கார் இல்லாமல் அங்கே கிராமம் கிராமமாகப் போவது கஷ்டம். முதன்முறை போகிறவர்களுக்கு நான் சொல்வது அதற்கு வடக்கே இருக்கிற எமிலியா-ரோமான்யா.

காரணம் ஒரு ரோமானியச் சாலை. கி.மு. 187இல் மார்க்குஸ் எமிலியுஸ் லெப்பிதுஸ் என்ற கான்சல், அதாவது ரோமின் உயர் ஆட்சியாளர், கடற்கரையில் இருக்கும் ரிமினியிலிருந்து பியசென்ஸா வரை ஏறக்குறைய நேர்கோட்டில் ஒரு சாலை போட்டார். எமிலியா என்ற பெயரே அவர் குடும்பப் பெயரிலிருந்து வந்ததுதான். அந்தக் கோட்டின் மேல்தான் இன்றும் ஊர்கள் மணி கோத்ததுபோல் இருக்கின்றன: பியசென்ஸா, பார்மா, ரெஜ்ஜோ எமிலியா, மோதெனா, பொலோன்யா, ஃபயென்ஸா, ஃபோர்லி, ரிமினி. ரயிலும் அதே கோட்டை ஒட்டியே ஓடுகிறது. வடக்கே போ ஆற்றுச் சமவெளி, தெற்கே அப்பெனைன் மலை. ரயிலில் வந்து இறங்கி, அங்கிருந்து பஸ்ஸிலோ டாக்ஸியிலோ மலைப் பக்கம் ஏறினால் போதும்.

முதல் வேலை: ஒரே ஊரில் தங்குங்கள்

தினம் ஒரு ஊரில் தங்கிப் பெட்டியைக் கட்டி அவிழ்த்துக்கொண்டிருக்காதீர்கள். இந்தக் கோட்டில் ஒரு ஊரைப் பிடித்து நான்கைந்து இரவு தங்கினால் எல்லாமே கைக்கு எட்டும். என் ஓட்டு மோதெனாவுக்கு. பொலோன்யா சாதாரண ரயிலில் அரை மணிக்குள் வரும், ரெஜ்ஜோ எமிலியா கால் மணி, பார்மா அரை மணி சொச்சம். ஊர் சின்னது, நடந்தே சுற்றலாம். 1931இல் கட்டிய அல்பினெல்லி மார்க்கெட் ஊர் நடுவில் இருக்கிறது. பழம், ரொட்டி, சீஸ் வாங்கிக்கொண்டு பஸ் ஏறலாம்.

பன்றி இறைச்சி சாப்பிடுகிறவர்கள், கோட்டைகள் மேல் பைத்தியம் உள்ளவர்கள் பார்மாவில் தங்கலாம். பொலோன்யா பெரிய ஊர், வசதி அதிகம், ஆனால் அங்கே தங்கினால் அந்த ஊரே உங்களை விடாது, கிராமத்துக்குப் போகிற திட்டம் ஒவ்வொரு நாளாகத் தள்ளிப்போகும்.

மே, ஜூன், செப்டம்பர், அக்டோபர் நல்ல மாதங்கள். ஆகஸ்ட் 15ஐ ஒட்டி குடும்பங்கள் நடத்தும் சாப்பாட்டுக் கடைகள் பலவும் ஒன்றிரண்டு வாரம் பூட்டிக் கிடக்கும், வெயிலும் சமவெளியில் கொதிக்கும். நவம்பரிலிருந்து ஜனவரி வரை மூடுபனி. பார்க்க அழகு, கார் ஓட்டப் பயம்.

இரண்டாவது: கிழமையைப் பார்த்துத் திட்டம் போடுங்கள்

முதன்முறை போகிறவர்கள் இதில்தான் அதிகம் ஏமாறுகிறார்கள். திங்கட்கிழமை பல அருங்காட்சியகங்களும் கோட்டைகளும் மூடியிருக்கும். ஞாயிற்றுக்கிழமை கிராமத்துப் பஸ்கள் மிகக் குறைவு, சில தடங்களில் சுத்தமாகவே கிடையாது. மத்தியானம் ஒரு மணியிலிருந்து மூன்றரை வரை சின்ன ஊர்களில் கடைகள் சாத்தியிருக்கும். பசுவுக்கு மட்டும்தான் லீவு இல்லை. அதனால் திங்கட்கிழமைக்குச் சீஸ் பட்டறையை வையுங்கள், ஞாயிற்றுக்கிழமைக்கு ரயிலிலேயே போய்வரக்கூடிய ஊரை வையுங்கள்.

சீஸ் பட்டறைக்கு இத்தாலியனில் கசெய்ஃபிச்சோ என்று பெயர். பால்சாமிக் வினிகர் செய்யும் பரணுக்கு அச்செத்தாயா. இரண்டுக்குமே முன்கூட்டிச் சொல்லாமல் போகக் கூடாது. ஒரு வாரம் முன்பே மின்னஞ்சலோ வாட்ஸ்அப்போ அனுப்புங்கள்: எத்தனை பேர், என்ன தேதி, ஆங்கிலத்தில் சொல்வார்களா, குழந்தைகள் இருக்கிறார்களா, சைவமா. ஐந்து வரி போதும். மொழிபெயர்ப்புச் செயலியில் போட்டு இத்தாலியனிலேயே அனுப்பினால் பதில் சீக்கிரம் வருகிறது என்பது என் அனுபவம். வயல் நடுவே இருக்கும் இடமென்றால் திரும்பிவர டாக்ஸியையும் அப்போதே பேசி வைத்துக்கொள்ளுங்கள். அங்கே தெருவில் கை காட்டி நிறுத்த எதுவும் வராது.

பஸ் டிக்கெட்டைச் சிகரெட்டும் தபால்தலையும் விற்கும் தபாக்கி என்ற கடையில் வாங்கலாம். ரயில் நிலையத்தில் காகித டிக்கெட் வாங்கினால், ஏறும் முன் மேடையில் இருக்கும் சின்ன மெஷினில் செருகி முத்திரை குத்த வேண்டும். குத்தாத டிக்கெட் டிக்கெட்டே இல்லை என்பதுதான் பரிசோதகர் கணக்கு. போனில் வாங்கிய உள்ளூர் ரயில் டிக்கெட்டுக்கும் ஏறும் முன் செக்-இன் பொத்தானை அழுத்த வேண்டும்.

மூன்றாவது: சைவர்கள் இதைப் படித்துவிட்டுப் போங்கள்

இந்தப் பகுதி பன்றியின் ராஜ்ஜியம். இறைச்சி கண்ணுக்குத் தெரிந்தால் ஒதுக்கிவிடலாம், தெரியாத இடங்களில் இருப்பதுதான் பிரச்சினை.

ஸ்த்ரூத்தோ என்ற சொல்லை மனப்பாடம் செய்துகொள்ளுங்கள். பன்றிக் கொழுப்பை உருக்கி எடுத்த நெய் அது. மோதெனாவில் ஞொக்கோ ஃப்ரித்தோ, பார்மாவில் தோர்த்தா ஃப்ரித்தா என்று ஒரு பலகாரம் வரும். நம் பூரியைச் சதுரமாக வெட்டிப் பொரித்ததுபோலவே உப்பியிருக்கும், பார்த்ததும் கை தானாகப் போகும். வழக்கமாகப் பொரிப்பது ஸ்த்ரூத்தோவில். ரோமான்யா பக்கத்துப் பியதீனா ரொட்டியின் மாவிலும் அதைப் பிசைவார்கள். "சென்ட்ஸா ஸ்த்ரூத்தோ?" என்று கேட்டால் இருக்கிறதா இல்லையா என்று நேராகச் சொல்லிவிடுவார்கள். தோர்தெல்லினி என்ற சின்னப் பாஸ்தாவுக்குள் இருப்பது பன்றி இறைச்சிப் பூரணம், அது மிதக்கும் ப்ரோதோ இறைச்சி ரசம்.

விக்னோலாவுக்கு மேலே ஒரு மலைக் கிராமத்தில் என் தங்கை திகெல்லே கேட்டாள். உள்ளங்கை அளவு வட்ட ரொட்டி, இரண்டு தட்டுகளுக்கு நடுவே சுட்டது. கூட என்ன வேண்டும் என்றார்கள். பெஸ்தோ என்ற சொல் பட்டியலில் தெரிந்ததும், பச்சைத் துளசி அரைத்தது என்று நம்பி, தாராளமாகக் கொண்டுவரச் சொன்னாள். வந்தது வெள்ளை வெளேரென்று வெண்ணெய்போல் ஒரு கிண்ணம். நல்லவேளை, அந்த நிறத்தைப் பார்த்துச் சந்தேகப்பட்டுக் கேட்டோம். மோதெனாக்காரர்களுக்குப் பெஸ்தோ என்றால் பூண்டும் ரோஸ்மேரியும் சேர்த்து அரைத்த பன்றிக் கொழுப்பு.

இன்னொன்று, இதைப் பலரும் சொல்வதில்லை. இந்தப் பட்டறைகளில் செய்யும் பார்மிஜானோ ரெஜ்ஜானோ சீஸ் கண்டிப்பான சைவர்களுக்கு ஆகாது. பாலைத் திரிக்க அவர்கள் சேர்ப்பது கால்யோ, கன்றுக்குட்டியின் இரைப்பையிலிருந்து எடுப்பது. அந்தப் பெயரில் விற்க வேண்டுமென்றால் விதிப்படி அதைத்தான் சேர்க்க வேண்டும், தாவர மாற்று கிடையாது. முட்டை, பால் எடுத்துக்கொண்டு இதைப் பெரிதாக நினைக்காதவர்கள் தாராளமாகச் சாப்பிடலாம். நினைக்கிறவர்கள் சீஸ் நாளை விட்டுவிட்டு பால்சாமிக், செர்ரி, ஆலிவ் எண்ணெய் நாட்களை எடுத்துக்கொள்ளுங்கள், குறை ஒன்றும் இல்லை.

சீஸ் சாப்பிடும் சைவர்களுக்கு நல்ல சாப்பாடு நிறையவே உண்டு. தோர்தெல்லி தெர்பெத்தா என்று கேளுங்கள்: ரிக்கோத்தா என்ற மென்மையான வெள்ளைச் சீஸும் கீரையும் உள்ளே வைத்த மெல்லிய பாஸ்தா, மேலே வெண்ணெயும் துருவிய சீஸும். பார்மாக்காரர்கள் ஜூன் 23 இரவு, புனித யோவான் திருநாளுக்கு முந்தின ராத்திரி, திறந்தவெளியில் மேசை போட்டு இதைத்தான் சாப்பிடுவார்கள். அந்தத் தேதியில் அங்கே இருக்க முடிந்தால் இருங்கள். பரங்கிக்காய் வைத்த தோர்தெல்லியும் உண்டு. லேசாக இனிக்கும், எல்லோருக்கும் பிடிக்காது, எனக்குப் பிடிக்கும்.

சீஸ் நாள்

எட்டரைக்குப் போய் நில்லுங்கள். வழுக்காத செருப்போ ஷூவோ போட்டிருக்க வேண்டும், தரை முழுக்க ஈரம். தலைக்குத் தொப்பி, மேலே காகித அங்கி, காலுக்கு உறை எல்லாம் கொடுப்பார்கள். உள்ளே நுழைந்ததும் கண்ணாடியில் நீராவி படியும், காய்ச்சிய பாலின் வாசம் அடிக்கும்.

முந்தின நாள் மாலை கறந்த பாலை ராத்திரி முழுக்க அகலமான தொட்டியில் ஆறவிட்டு, மேலே மிதக்கும் ஆடையை எடுத்துவிடுவார்கள். அதில் காலையில் கறந்த முழுப்பாலைக் கலப்பார்கள். ஓர் அண்டாவுக்குச் சுமார் 1,100 லிட்டர். கவிழ்த்த மணி மாதிரி வடிவம், உள்ளே செம்பு. அப்புறம் முதல் நாள் வடித்த நீரைக் கொஞ்சம் உறையாக ஊற்றுவார்கள். நேற்றைய தயிரில் ஒரு கரண்டி எடுத்து இன்றைய பாலுக்கு உறை குத்துகிற அதே சங்கதி. கால்யோ சேர்த்ததும் பத்துப் பன்னிரண்டு நிமிஷத்தில் பால் கட்டியாகிவிடும்.

இப்போது கவனமாகப் பாருங்கள். சீஸ் செய்பவர், காசாரோ என்பார்கள், கம்பியால் பின்னிய பெரிய மத்து ஒன்றை எடுத்து அந்தக் கட்டியைக் கடைவார். ஸ்பினோ என்று அதற்குப் பெயர். கட்டி உடைந்து நொய்யரிசி அளவுக்கு வந்ததும் நிறுத்துவார். சூடு 55 டிகிரி வரை ஏறும். நடுநடுவே கையை முக்கி ஒரு பிடி எடுத்து, விரலால் அழுத்தி, உதறிப் பார்ப்பார். பக்கத்தில் தெர்மாமீட்டர் எண் ஓடிக்கொண்டுதான் இருக்கும், அவர் அதைப் பார்ப்பதாகத் தெரியாது. நான் போன இடத்தில் காசாரோ ஒரு பிடியை என் உள்ளங்கையிலும் போட்டார். பல்லில் கீச்சென்று சத்தம் வந்தது, உப்பே இல்லை, பாலின் ருசி மட்டும்.

அடுப்பை நிறுத்தியதும் நொய் எல்லாம் அடியில் போய்ப் படிந்து ஒரே உருண்டையாகிவிடும். ஏறக்குறைய ஐம்பது நிமிஷம் ஒன்றும் நடக்காது. சுற்றுலாக் கூட்டம் பொறுமை இழந்து போனைப் பார்க்க ஆரம்பிக்கும் நேரம் இதுதான். நீங்கள் அண்டாப் பக்கத்திலேயே நில்லுங்கள். திடீரென்று இரண்டு பேர் வருவார்கள், ஒருவர் மரத்துடுப்பால் அடியிலிருந்து கிளப்ப, மற்றவர் துணியை அடியில் விடுவார். குளிப்பாட்டிய குழந்தையைத் துண்டில் தூக்குவதுபோல் அந்த உருண்டை மேலே வரும். கத்தியால் இரண்டாக வெட்டுவார்கள். அவற்றுக்கு இரட்டையர் என்றே பெயர்.

அப்புறம் அச்சு, பிறகு மூன்று வாரத்துக்குக் கொஞ்சம் குறைவாக உப்புநீர்த் தொட்டி, கடைசியில் கிடங்கு. கிடங்கைப் பார்க்காமல் வராதீர்கள். கூரை வரைக்கும் மரப்பலகை, ஒவ்வொன்றிலும் சுமார் 40 கிலோ சக்கரங்கள். ஒரு சக்கரத்துக்கு 550 லிட்டர் பால் போயிருக்கிறது என்று மனத்தில் வைத்துக்கொண்டு பாருங்கள். குறைந்தது 12 மாதம் கழித்துப் பரிசோதகர் சின்னச் சுத்தியலோடு வந்து ஒவ்வொன்றையும் தட்டிக் காது கொடுப்பார். உள்ளே பொத்தலோ வெடிப்போ இருந்தால் ஓசை மாறும். தேறினால் சூட்டுக்கோலால் முத்திரை. தேறாவிட்டால் தோலில் புள்ளி புள்ளியாக இருக்கும் பெயரைச் சுரண்டி எடுத்துவிடுவார்கள். இந்தச் சக்கரங்களை அடகு வாங்கிக்கொண்டு பண்ணைகளுக்குக் கடன் கொடுக்கும் வங்கியும் அங்கே உண்டு, பிணையாக வந்த சீஸைத் தன் கிடங்கிலேயே வைத்துப் பழுக்க விடுகிறது.

ருசி பார்க்க 12, 24, 36 மாதம் என்று வரிசையாக வைப்பார்கள். இளசிலிருந்து முதிர்ந்ததற்குப் போங்கள். 36இல் பல்லில் நறநறவென்று படிகம் தட்டுப்படும், அது உப்பு இல்லை, புரதம் உடைந்து உருவானது. எனக்குச் சாப்பாட்டோடு 24தான். சூடான ரிக்கோத்தா கொடுத்தால் மற்ற எல்லாவற்றையும் வைத்துவிட்டு அதை முதலில் சாப்பிடுங்கள்.

மாட்டுத் தொழுவத்தில் தலைப்பாகை கட்டிய ஒருவர் உங்களைப் பார்த்துச் சிரித்தால் ஆச்சரியப்படாதீர்கள். இந்தச் சமவெளியின் பால் பண்ணைகளில் பஞ்சாபிகள் நிறையப் பேர் வேலை செய்கிறார்கள். ரெஜ்ஜோ எமிலியாவுக்கு வடக்கே நோவெல்லாராவில் 2000இல் திறந்த பெரிய குருத்வாரா இருக்கிறது.

மத்தியானம் மோதெனாவுக்குத் திரும்பி, சாப்பிட்டு, தேவாலயத்துக்குப் போங்கள். 1099இல் கட்ட ஆரம்பித்தது. கட்டியவர் லன்ஃப்ராங்கோ, சிற்பி விலிஜெல்மோ என்று இருவர் பெயரும் கல்லிலேயே வெட்டியிருக்கிறது. முகப்பில் ஆதாமும் ஏவாளும் ஏதேனை விட்டு வெளியேறி மண்வெட்டியோடு குனிந்து வேலை செய்வதைச் செதுக்கியிருப்பார். காலையில் பண்ணையைப் பார்த்துவிட்டு அந்தச் சிற்பத்துக்கு முன்னால் நின்றால் வேறு மாதிரித் தெரியும்.

வினிகர் நாள்: ஸ்பிலம்பெர்த்தோவும் விக்னோலாவும்

சூப்பர் மார்க்கெட்டில் இரண்டு மூன்று யூரோவுக்குக் கிடைக்கும் பால்சாமிக்கை மறந்துவிடுங்கள். அது வைன் வினிகரும் திராட்சைச் சாறும் கலந்தது, இரண்டு மாதத்தில் தயார். நாம் பார்க்கப் போவது "திரதித்சியோனாலே" என்று லேபிளில் போட்டது. திராட்சைச் சாற்றை மட்டும் சுண்டக் காய்ச்சி, குறைந்தது 12 வருஷம் பீப்பாயில் வைத்தது. 25 வருஷத்துக்கு மேல் போனால் எக்ஸ்திராவெக்கியோ.

பீப்பாய்கள் பெரிதிலிருந்து சிறிதாக வரிசையாக நிற்கும். ஓக், செஸ்ட்நட், செர்ரி, மல்பெரி, ஜூனிப்பர் என்று மரம் மாறும். வருஷத்துக்கு ஒரு தடவை கடைசிச் சின்னப் பீப்பாயிலிருந்து கொஞ்சம் எடுப்பார்கள். அந்தக் குறையை அதற்கு முந்தினதிலிருந்து நிரப்புவார்கள், அதை அதற்கு முந்தினதிலிருந்து, இப்படியே போய் முதல் பீப்பாய்க்குப் புதுச் சாறு. இதெல்லாம் வீட்டுப் பரணில் நடக்கிறது. கோடையில் வேகும், குளிரில் விறைக்கும். அந்த ஏற்ற இறக்கம்தான் வினிகருக்கு வேண்டும். பெண் குழந்தை பிறந்தால் ஒரு வரிசை ஆரம்பித்து, கல்யாணத்துக்குச் சீராகக் கொடுக்கும் வழக்கமும் அங்கே இருந்திருக்கிறது.

மோதெனாவிலிருந்து பஸ்ஸில் ஸ்பிலம்பெர்த்தோ போனால் அங்கே இதற்கென்றே ஒரு அருங்காட்சியகம் இருக்கிறது. முதலில் அதைப் பார்த்துவிட்டு அப்புறம் குடும்பப் பரண் ஒன்றுக்குப் போவது நல்ல வரிசை. பீங்கான் கரண்டியில் நாலு சொட்டு விடுவார்கள். உடனே விழுங்காதீர்கள், நாக்கில் வைத்திருங்கள். முதலில் இனிப்பு, அப்புறம் புளிப்பு, கடைசியில் மரவாசம். மோதெனாவின் அசல் புட்டி எல்லா வீட்டாருக்கும் ஒரே வடிவம்தான்: அடியில் சதுரம், மேலே உருண்டை, 100 மில்லி, கார்களை வடிவமைத்துப் பேர் வாங்கிய ஜொர்ஜெத்தோ ஜுஜாரோ வரைந்தது. வேறு வடிவத்தில் "25 வருஷம்" என்று யாராவது விற்றால் விலகி வந்துவிடுங்கள். 12 வருஷப் புட்டிக்கு ஐம்பது யூரோ பக்கம் ஆகும், மூத்தது அதற்கு ரொம்ப மேலே. வாங்கியே ஆக வேண்டும் என்று யாரும் கட்டாயப்படுத்துவதில்லை, ருசி பார்த்ததற்கு நன்றி சொல்லிவிட்டு வரலாம்.

அங்கிருந்து விக்னோலா சில கிலோமீட்டர்தான், அதே திசைப் பஸ். ஆற்றங்கரையில் மூன்று கோபுரங்களோடு கோட்டை. அதன் எதிர் மாளிகையில் ஒரு சுழல் படிக்கட்டு உண்டு, இந்த ஊரில் பிறந்த யாக்கோபோ பரோத்சி என்ற கட்டடக் கலைஞர் பெயரில் சொல்லப்படுவது. நடுவில் தூணே இல்லாமல் சுழன்று ஏறும். அவர் பெயரில் ஒரு கேக்கும் இருக்கிறது, சாக்லேட்டும் காபியும் சேர்ந்த கருப்புக் கேக், மாவு போடாதது. மே கடைசி, ஜூனில் போனால் செர்ரி. சாலையோரத்தில் பெட்டி பெட்டியாக விற்பார்கள், ஒரு கிலோ வாங்கிப் பஸ்ஸில் தின்றுகொண்டே திரும்பலாம்.

பார்மா பக்கம்: லங்கிரானோ

இறைச்சி சாப்பிடாதவர்கள் ஹாம் பட்டறையை விட்டுவிட்டுக் கோட்டைக்கு மட்டும் வரலாம், அதற்கே இந்த நாள் தகும்.

பார்மாவிலிருந்து லங்கிரானோ போகும் பஸ் தொர்ரெக்யாரா கோட்டையின் அடிவாரம் வழியாகவே போகிறது. காலையில் லங்கிரானோ வரை போய்ப் பட்டறையைப் பாருங்கள். பன்றியின் பின்னங்கால், கடலுப்பு, காற்று, காலம். வேறெதுவும் சேர்ப்பதில்லை. உயரமான குறுகிய ஜன்னல்களைத் திறந்து மலைக்காற்றை உள்ளே விடுவார்கள். குதிரை எலும்பில் செய்த ஊசியைச் சதையில் ஐந்து இடத்தில் குத்தி எடுத்து முகர்ந்து தேர்வு செய்வார்கள். அந்த எலும்பு வாசத்தைச் சட்டென்று பிடித்துக்கொள்ளும், சட்டென்று விட்டும்விடும். சீஸ் வடித்த நீர் இந்தப் பன்றிகளுக்குத்தான் தீனியாகப் போகிறது என்று அங்கே சொல்வார்கள். சீஸ் நாளில் பார்த்த அண்டாவும் இங்கே ஹாம் தொங்கும் கொக்கியும் அப்போதுதான் ஒன்று சேரும்.

திரும்பும் வழியில் தொர்ரெக்யாராவில் இறங்கி மேட்டில் ஏறுங்கள். பியர் மரியா ரொஸ்ஸி என்ற பிரபு 1448க்கும் 1460க்கும் இடையே கட்டிய கோட்டை. மதில், அகழி எல்லாம் யுத்தத்துக்கு. உள்ளே ஓர் அறை மட்டும் காதலுக்கு. பொன் அறை என்று பெயர். காதலி பியான்கா பெல்லெக்ரினி. குடும்பப் பெயருக்கு யாத்திரிகர் என்று அர்த்தம் வருவதால், அவள் கையில் கோலோடு ரொஸ்ஸியின் கோட்டை கோட்டையாக அவரைத் தேடிப் போவதாக விதானத்தில் தீட்டியிருக்கிறார்கள். கழுத்து வலித்தாலும் அண்ணாந்து பார்த்து ஒவ்வொரு கோட்டையாக எண்ணுங்கள். மாடத்திலிருந்து கீழே பள்ளத்தாக்கு முழுக்கத் தெரியும். கடைசிப் பஸ் எத்தனை மணிக்கு என்று இறங்கும்போதே ஸ்டாப்பில் போட்டோ எடுத்துக்கொள்ளுங்கள்.

கார் எடுத்தால்: கனோஸா

ஒரே ஒரு நாளுக்குக் கார் எடுப்பதாக இருந்தால் கனோஸாவுக்கு எடுங்கள். ரெஜ்ஜோ எமிலியாவுக்குத் தென்மேற்கே மலைக்குள், வெள்ளைப் பாறை மேல் இடிந்து கிடக்கும் கோட்டை. போப் ஏழாம் கிரகோரியால் சபை விலக்கம் செய்யப்பட்ட ஜெர்மன் அரசர் நான்காம் ஹென்றி 1077 ஜனவரியில், பனியில், மன்னிப்புக் கேட்டு மூன்று நாள் நின்ற வாசல் இது. உள்ளே விருந்தாளியாக இருந்தவர் போப், வீட்டுக்காரி மதில்தா சீமாட்டி. "கனோஸாவுக்குப் போவது" என்றால் ஜெர்மனிலும் இத்தாலியனிலும் இன்றும் தலைகுனிந்து பணிவது. மிச்சமிருக்கும் சுவர் கொஞ்சம்தான், அதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். ஆனால் சுற்றிலும் அரித்துப்போன மண்மேடுகளும் எதிரே ரொஸ்ஸேனா கோட்டையும் தெரியும் அந்த இடத்தில் நின்றால், அரசர் ஏன் மூன்று நாள் தாக்குப்பிடித்தார் என்பதைவிட, இங்கே எப்படி ஏறி வந்தார் என்றுதான் தோன்றும். சாப்பாட்டுக்கு ரெஜ்ஜோவில் எர்பத்சோனே வாங்கிக் கட்டிக்கொள்ளுங்கள், கீரையை உள்ளே வைத்துச் சுட்ட தட்டையான பலகாரம். பன்றிக் கொழுப்பு கேள்வியை அங்கேயும் கேட்க வேண்டும்.

இந்திய உரிமத்தோடு சர்வதேச ஓட்டுநர் அனுமதியும் எடுத்துப் போங்கள். வலப்பக்கம் ஓட்ட வேண்டும். கியர் இல்லாத கார் வேண்டுமானால் முன்பே கேட்டு வையுங்கள், கேட்காவிட்டால் கியர் வண்டிதான். பழைய ஊர் மையங்களுக்குள் வெள்ளை வட்டத்தில் சிவப்பு விளிம்பு போட்ட இசட்.டி.எல். (அனுமதி உள்ள வண்டிகள் மட்டும் போகும் பகுதி) பலகை பார்த்தால் உள்ளே போகாதீர்கள், கேமரா இருக்கும். நான் ஒரு தடவை வழி தவறி இரண்டு நிமிஷம் உள்ளே போய் வந்தேன். நாலு மாதம் கழித்து வீட்டுக்கு அபராதக் கடிதம் வந்தது. அதற்கு முன்பே கார் நிறுவனம் என் முகவரியைக் கொடுத்ததற்குத் தனியாக ஒரு தொகை பிடித்திருந்தது.

ஞாயிற்றுக்கிழமைக்கு: பிரிசிகெல்லா

பொலோன்யாவுக்குக் கிழக்கே ஃபயென்ஸாவில் ரயில் மாறினால் அடுத்த கொஞ்ச நேரத்தில் பிரிசிகெல்லா. மூன்று பாறை முனை, ஒன்றில் கோட்டை, ஒன்றில் மணிக்கூண்டு, ஒன்றில் கோயில். ஊருக்குள் கழுதைப் பாதை என்று மாடி உயரத்தில் கூரை போட்ட ஒரு தெரு, ஜிப்சம் சுமந்த கழுதைகள் போன வழி, அரைவட்ட ஜன்னல்களோடு. ஆலிவ் எண்ணெய்க்குப் பேர்போன ஊர். ரொட்டியில் ஊற்றிச் சாப்பிட்டால் தொண்டையில் லேசாகக் காறும், அது நல்ல எண்ணெயின் அடையாளம். இந்த மலை ரயில் பாதை மழை, மண்சரிவு என்று அவ்வப்போது நின்றுபோகும், புறப்படும் முன் பார்த்துக்கொள்ளுங்கள்.

நேரம் இருந்தால் ஃபயென்ஸாவிலிருந்து எதிர்த்திசை ரயிலில் ஃபோர்லி வரை போய்வாருங்கள். இரண்டாம் உலகப் போரில் இந்த மலைகளில் சண்டையிட்ட இந்தியப் படைவீரர்களின் கல்லறைத் தோட்டம் ஊர் விளிம்பில் இருக்கிறது, தகனம் செய்யப்பட்டவர்களுக்குத் தனி நினைவுச்சின்னமும் உண்டு. பெயர்களை வாசித்துக்கொண்டே நடந்தால் ஒரு மணி நேரம் போய்விடும்.

மேசையில், பெட்டியில்

மத்தியானச் சாப்பாடு பன்னிரண்டரைக்கு மேல், இரண்டரைக்குப் போனால் சமையலறை மூடியிருக்கும். ராத்திரி ஏழரைக்கு முன் எதுவும் கிடைக்காது. பில்லில் கொபெர்த்தோ என்று ஆளுக்கு இரண்டு மூன்று யூரோ இருக்கும், ரொட்டிக்கும் மேசைக்கும். ஏமாற்று இல்லை, பட்டியலில் எழுதியிருப்பார்கள். டிப்ஸ் கட்டாயமில்லை. சாக்ரா என்று சுவரொட்டி பார்த்தால் விடாதீர்கள், ஊர்க்காரர்களே சமைத்து நீளமான மேசைகளில் பரிமாறும் கிராமத் திருவிழா.

சீஸ் வாங்கினால் "சொத்தோவோதோ" என்று சொல்லுங்கள், காற்றை உறிஞ்சி பாக்கெட் போட்டுத் தருவார்கள். ஊர் திரும்பும்போது உங்கள் சுங்க விதியைப் பார்த்துக்கொள்ளுங்கள். பால்சாமிக் புட்டியைச் சாக்ஸுக்குள் சுருட்டி, விமானத்தில் ஏற்றிவிடும் பெட்டியில் வையுங்கள். அடுப்பில் வைக்கக் கூடாது, கடைசியில் சொட்டுச் சொட்டாக விட வேண்டும், வெனிலா ஐஸ்கிரீமில் விட்டால்கூட நன்றாக இருக்கும். சீஸின் தோலைத் தூக்கிப் போடாதீர்கள். அவர்கள் கழுவிச் சுரண்டி, சூப் கொதிக்கும்போது உள்ளே போட்டுவிடுவார்கள். எங்கள் வீட்டில் அது கொள்ளுப் பருப்போடு வேகிறது.